ஒர்த்து

காதர்பேட்டை, ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி.
தார்ப்பாயில் குவிந்து கிடக்கிறது
கடல் தாண்டாத சரக்கு.
ஒன்று நூற்றிருபது, மூணாக எடுத்தால் முந்நூறு.
"சாயம் போகுமாப்பா?" என்கிறார் கோயமுத்தூர்க்காரர் ஒருவர்.
"போனாப் போவுது விடுங்க, காசா போவுது?"
என்கிறான் கடைக்காரப் பையன்.

நான் எதுவும் கேட்பதில்லை.
உள்ளே வெளியே திருப்புகிறேன்.
பதினாறு வருஷம் செக்கிங் டேபிளில் நின்ற கைக்கு
சட்டையின் முகம் உள்பக்கம்தான்.

இஞ்சுக்குப் பன்னிரண்டு தையல் வர வேண்டிய இடத்தில்
ஒன்பது.
தோளில் டேப் இல்லை.
கழுத்து ரிப்பில் லைக்ரா இல்லை,
நாலாந் தண்ணிக்கு வாயைப் பிளந்துவிடும்.
தூக்கிப் பிடித்தால்
எதிர்க்கடை போண்டாச் சட்டி தெரிகிறது.

சஸ்மிதா ஏழு எடுத்துவிட்டாள்.
ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு வருஷம்,
இப்போது என்னைவிட அவள் பேச்சில்தான் 'ங்க' அதிகம்.
"அக்கா, இது ஒர்த்துங்களா?"

கணக்குப் போட்டேன்.
நூறு ரூபாய், இருபது தண்ணி தாங்கினால்
தண்ணிக்கு அஞ்சு ரூபாய்.
போன மாசம் தருணேஷ் அடம்பிடித்து வாங்கியது
ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது.
ஏசி, ஆளுயரக் கண்ணாடி, கயிறு வைத்த காகிதப் பை.
பில் போடும் முன் அதையும் திருப்பினேன்.
"அம்மா, மானத்த வாங்காத."
பன்னிரண்டு தையல். டேப் உண்டு. லைக்ரா உண்டு.
மிஞ்சிப்போனால் முப்பது ரூபாய்ச் சாமான் கூட.
மீதி ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம்
அந்தப் பைக்கா?

அதைத் தைத்தவளும் இதைத் தைத்தவளும்
ஒரே ஆளாகக்கூட இருக்கலாம்.
பகல் ஷிப்டில் அது,
ராத்திரி அரை ஷிப்டில் இது.
துணி மெலிந்தால் வெளிச்சத்தில் தெரிகிறது.
தையல் குறைந்தால் விரலில் தட்டுகிறது.
கூலி குறைந்தது மட்டும்
எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரிவதில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.
வெயில் ஏறிக்கொண்டிருந்தது.
அவள் தங்கை தம்பிகள் பேரைச் சொல்லிச் சொல்லி
அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எடுத்துக்க சாமி" என்றேன்.
நானும் மூணு எடுத்தேன்.

வீட்டில் மடிக்கும்போதுதான் பார்க்கிறேன்,
நீலச் சட்டையின் விலாவில்
ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.
எவளோ ஒரு செக்கர் குற்றம் கண்டு ஒட்டியது.
அம்பு காட்டும் இடத்தைத் தேடினேன்.
ஓட்டையில்லை, எண்ணெய்க் கறையில்லை,
நூல் விடவில்லை.
டியூப் லைட்டுக்குக் கீழே பார்த்தேன்,
மொட்டை மாடிக்குக் கொண்டுபோயும் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
விடியக்காலை மூணு மணிக்குக் கண் சொருகி
ஒட்டியிருப்பாள்.
நானும் அப்படி ஒட்டியிருக்கிறேன்,
எத்தனையோ.

மூணாந் தண்ணிக்கே
பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு
தொப்புளுக்கு வந்துவிட்டது.
"இதான்மா இப்ப ஸ்டைலு" என்கிறான் தருணேஷ்.
தினமும் அதைத்தான் மாட்டிக்கொண்டு காலேஜ் போகிறான்.
ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்
பீரோவில் பையோடு தொங்குகிறது.
பஸ்ஸில் கசங்கிவிடுமாம்.

சஸ்மிதா நேற்று டீ டைமில் போனை நீட்டினாள்.
அவள் தம்பி, ஏதோ ஒரு குளத்தங்கரையில்,
மஞ்சள் சட்டை,
நெஞ்சில் அந்தச் சிவப்பு அம்பு அப்படியே.
"டிசைன்னு நெனச்சுக்கிட்டானுங்க அக்கா.
உரிக்க மாட்டேங்கறான்."

அம்பு மேலே பார்த்து இருந்தது.
அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.
இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன்.
பாழாய்ப்போன பழக்கம்,
கண் முதலில் கழுத்துத் தையலுக்குத்தான் போனது.